அம்மன் நடந்த வேகம்

தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் என் படிப்பு முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவன் எங்கள் சிகாமட் டவுனில் என்னென்ன செய்தான் என்று கேளுங்கள். செம்பனைக் குலை தூக்கிப் போடும் கூலியாக ஒரு லோரியில் ஏறினேன். பிறகு அந்த லோரியையே வாங்கினேன். அதற்குத் துணையாக இன்னும் சில லோரிகள் வாங்கினேன். தாமான் குடியிருப்பில் மூலை வீட்டை வாங்கி மாடி எடுத்தேன். மகனையும் மகளையும் படிக்க வைத்தேன். எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டேன். வேலையை எடுத்தவர் பாதியில் காணாமல் போனதும் நானே கூரைமேல் ஏறி முடித்தேன். பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்த ஒரு ஃபோர் வீல் வண்டியை எழுப்பி ஓட விட்டேன். அந்த ஃபோர் வீலைக் கொண்டு அம்மன் ரதத்தைப் பல வருடம் இழுத்தேன்.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த வாரக் கதை.

"ஐயா, உங்க தொடர்ல பெருமை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று போன வாரம் பொந்தியானிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணிச் சொன்னார். இருக்கட்டும். செய்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? எழுத்துப் பிழையை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பெருமையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கீழிருந்து பேசிய பேச்சு

இந்த வருடத் திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டுப் படுத்து, சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டின் மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு முன்னால் அந்த வேலையை நான் ஒருபோதும் விட்டதில்லை. பளபளப்பான இரண்டு சப்பாத்துகள் வந்து என் தலைக்குப் பக்கத்தில் நின்றன. கோயில் தலைவர் தனபாலன். சின்னப் பையனாக என் லோரியின் பின்னால் தொங்கியவர்.

"ஐயா, உள்ள இருக்கீங்களா?"

"உள்ள இல்ல, கீழ இருக்கேன். கைய மிதிச்சிடாத."

"கொஞ்சம் வெளிய வாங்களேன், பேசணும்."

"கிரீஸ் பாதியில நிக்குது. நீ பேசு. காது இங்கயும் கேக்கும்."

சப்பாத்துகள் கொஞ்சம் நகர்ந்தன.

"இந்த வருஷம் புது ரதம் வருதுங்க ஐயா."

"தெரியும் லா. எவ்வளவு கனம்? கொக்கிய மாத்தணுமா, இப்ப இருக்கறதே தாங்குமா?"

"கொக்கி வேணாங்கய்யா. அதுல மோட்டார் வச்சிருக்கு. பேட்டரி. அதுவே போயிடும்."

கிரீஸ் ஒரு கட்டியாக என் சட்டையில் விழுந்தது.

"புகை இல்ல, சத்தம் இல்ல. நீங்களும் எத்தன வருஷம் கஷ்டப்பட்டுட்டீங்க. இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்க. முன்னால நாற்காலி போட்டுத் தர்றோம்."

"நாற்காலியில உக்காந்து நான் என்னத்த ஓட்டறது?"

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"அப்ப என் வண்டி வரவே வேணாமா, தனபாலா?"

"அப்படி இல்லங்கய்யா. ரதத்துக்குப் பின்னால தண்ணி ட்ரம் ஏத்திட்டு ஒரு வண்டி வரணும். உங்களுக்கு மனசிருந்தா…"

அவர் போன பிறகும் நான் உடனே வெளியே வரவில்லை. எல்லா மூட்டுக்கும் கிரீஸ் அடித்தேன். ஏற்கெனவே அடித்ததற்கும் இன்னொரு முறை அடித்தேன். வெளியே வந்து பார்த்தால் பானட்மேல் ஒரு பெட்டி இனிப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குச் சர்க்கரை வியாதி. என் மனைவி சரோஜா இருந்திருந்தால் அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பாள். நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். தடுக்க ஆள் இல்லாத இனிப்பு அவ்வளவாக இனிக்கவில்லை.

துரையின் வண்டி

அந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். அது எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை ஓட்டிய வண்டி. அது செம்மண் பாதையில் வந்தால் நாங்கள் சைக்கிளோடு பாதையோரக் கானுக்குள் இறங்கி நிற்போம். அது போன பிறகு தூசி அடங்கும் வரை வாயை மூடிக்கொண்டிருப்போம்.

பிறகு ரப்பர் பால் எடுத்த கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். தோட்டம் கை மாறியது, ஜனங்கள் டவுனுக்கு வந்தார்கள். ஒருநாள் பழைய இரும்புக் கடைக்கு லோரி அச்சு ஒன்று தேடிப் போனேன். மூலையில் அந்த வண்டி. ஜன்னல் வழியாகக் கொடி நுழைந்து மறு ஜன்னலில் வெளியே வந்திருந்தது. பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைக் கானுக்குள் இறக்கிய வண்டி!

அச்சை மறந்துவிட்டு வண்டியை இழுத்து வந்தேன். வண்டி பழுது பார்க்கும் பெங்கேல் வைத்திருந்த போமன் ஆ செங் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மணியம், இனி சுடா மாத்தி" என்றான். செத்துப்போன வண்டி என்கிறான். "செத்தத எழுப்பத்தானே உங்கிட்ட கொண்டாந்தேன்" என்று மலாயில் நான் சொன்னதற்கு, "நான் போமன், சாமியார் இல்லை" என்று அதே மலாயில் திருப்பிக் கொடுத்தான்.

எழுப்பினோம். ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்பும் வண்டிகள் உண்டு, ஆஃப்கட் என்போம். அதிலிருந்து ஒரு டீசல் இன்ஜின் எடுத்துப் பொருத்தினோம். இன்ஜின் மூச்சு வாங்கும் குழாயைப் பானட்டிலிருந்து கூரை உயரத்துக்கு ஏற்றினேன், தண்ணீரில் இறங்கினாலும் மூச்சு முட்டாது. என் மகன் அதைப் பார்த்து, யானை தும்பிக்கை தூக்கி நிற்கிறது என்றான். சேலை கட்டிக்கொண்டு ஏற முடியவில்லை என்று சரோஜா முணுமுணுத்ததால், அவள் பக்கத்துக் கதவின் கீழே ஒரு படி வைத்துப் பற்ற வைத்தேன். மாற்றியதற்கெல்லாம் அனுமதி வாங்க ஆபீஸ் ஆபீஸாக நான் அலைந்தது தனிக் கதை, அதற்கு ஒரு வாரம் போதாது.

தண்ணீர் ஏறிய வருடம்

சிகாமட் ஆறு பொங்கினால் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வருடம் கோயிலுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. லோரிகள் எல்லாம் ரோட்டு ஓரத்தில் நின்றுவிட்டன. தும்பிக்கை தூக்கிய என் யானை மட்டும் இறங்கியது.

குருக்கள் உற்சவ அம்மனைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து பின் இருக்கையில் வைத்தார். சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று போகிறது. "மெதுவா போங்க, அம்மனுக்குத் தலை இடிக்குது" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மேட்டில் இருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினோம்.

அன்றிலிருந்து அது கோயில் வண்டி ஆகிவிட்டது. அடுத்த வருடம் ரதம் இழுக்கிற மாடுகள் கிடைக்கவில்லை. வளர்த்த குடும்பமே ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

சரோஜாவும் தண்ணீர்க் குடமும்

முதல் வருடம் மானம் போனது. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வண்டி வண்டிதானே. பால்குடம் தூக்கி முன்னால் போன பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நான் கிளட்சை மிதித்து மிதித்துப் பிடித்ததில் அது கருகி, சாம்பிராணி வாசத்தை அமுக்கிவிட்டது. கோயில் வாசலுக்குத் திரும்பியதும் நாதஸ்வரக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"மணியண்ணே, நான் மூச்சு எடுக்கறதுக்குள்ள சாமி அடுத்த தெருவுக்குப் போயிடுது. நான் வாசிக்கிறதா, ஓடறதா?"

சரோஜாவும் பால்குடம் எடுத்திருந்தாள். சேலையெல்லாம் பால். வீட்டுக்கு வந்து குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மன ஊர்வலம் கூட்டிட்டுப் போனீங்களா, கடத்திட்டுப் போனீங்களா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வகை வண்டிகளில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். அதைப் போட்டால் வண்டி மெதுவாக, பலமாக இழுக்கும். அதுவும் எங்கள் அம்மனுக்கு வேகம்தான். அதனால் அப்படி இன்னொரு பெட்டியை அதற்குப் பின்னால் சேர்த்தால் என்ன என்று நினைத்தேன். பொந்தியானில் அன்னாசித் தோட்டத்துச் சேற்றில் உழைத்து ஓய்ந்த வண்டி ஒன்றில் அது கிடைத்தது. ஆ செங் முதலில், "கீலா" என்றான். பைத்தியமாம் எனக்கு. பிறகு அவனே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்தான். நடுத் தண்டை அறுத்துக் குட்டையாக்கி, இரண்டு பெட்டியையும் ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்த்தோம்.

வண்டி இப்போது ஊர்ந்தது. ஆனால் எந்த ஊர்தல் சரி? அதற்கு மீட்டர் உதவாது, அந்த வேகத்தில் முள் அசையவே அசையாது. சரோஜாவைத் தோட்டத்துப் பாதைக்குக் கூட்டிப் போனேன். குடத்தில் விளிம்பு வரை தண்ணீர். அவள் தலையில் குடம், காலில் செருப்பு இல்லை, அவளுக்குப் பின்னால் வண்டி.

"நீ பாட்டுக்கு நட. என்ன திரும்பிப் பாக்காத."

"திரும்பினா தண்ணி ஊத்தும்னு எனக்குத் தெரியாதா? நீங்க என்மேல ஏத்தாம வந்தா போதும்."

அவள் நடந்தாள். இன்ஜினுக்கு டீசலைக் கூட்டக் கையால் இழுத்து வைக்கும் எண்ணெய்க் கம்பி ஒன்று அந்த வண்டியில் உண்டு, காலை எடுத்துவிட்டாலும் வேகம் மாறாது. அதைக் கொஞ்சம் இழுப்பேன், பானட் அவளை நெருங்கும். கொஞ்சம் விடுவேன், அவள் தூரமாகப் போவாள். சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, "என்ன அக்கா, அண்ணன் லோரி பத்தாதுன்னு இத வச்சு வெரட்டறாரா?" என்று கேட்டார். "கல்யாணம் ஆனதுலேருந்து இதான் தம்பி" என்றாள், தலையை அசைக்காமல்.

ஒரு இடத்தில் சரியாக நின்றது. பானட்டுக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் இருந்த வெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செம்பனை நிழல் இரண்டு பேர்மேலும் ஒரே மாதிரி விழுந்து விழுந்து போனது. பாதை முடியும் வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தக் கம்பியில் அந்த இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டேன்.

அந்த வருடத்திலிருந்து அம்மன் அந்தக் கோட்டில்தான் நடந்தாள். பெண்களின் பால் சிந்தவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கி, நின்று, நிதானமாக வாசித்தார். "இது சாமிக்கே உள்ள நடை" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். யார் போட்ட கோடு என்று யாரும் கேட்கவில்லை.

எங்கேயும் போகாத வண்டி

சரோஜா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எப்படி என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் படியில் கால் வைத்து ஏறினாள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஜொகூர் பாருவில் வீடு, விடிவதற்கு முன்னால் பாலம் தாண்டிப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறான். போனில், "அப்பா, அந்த இரும்ப யாருக்காவது குடுத்துடுங்க. உங்க இடுப்புக்கு அது ஆகாது" என்பான். "இந்த இரும்புதான் உன்ன படிக்க வச்சது" என்பேன். உண்மையில் படிக்க வைத்தது லோரி. அவனுக்கும் அது தெரியும்.

ஆ செங் தன் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டான். அவன் பெங்கேல் இருந்த இடத்தில் இப்போது கலர் கலராகத் தேநீர் விற்கிறார்கள். அதனால் எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது எல்லாம் நான்தான். ஒரு ஸ்பானரைக் கீழே இருந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. ஊர்ந்து வெளியே வந்து எடுத்துக்கொண்டு, திரும்ப ஊர்ந்து போகிறேன்.

காலையில் எழுந்ததும் இன்ஜினைப் போட்டுவிடுவேன். அது ஓடிக்கொண்டிருக்க, நான் காப்பி போடுவேன். வீட்டில் இன்னொரு சத்தம் இருக்கும். பக்கத்து வீட்டு மலாய் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, "பாக்சிக், தாக் பெர்கி மானா மானா புன்?" என்று கேட்பார். எங்கேயும் போகவில்லையா, பெரியவரே என்கிறார். "பேட்டரி இறங்கிடும்" என்பேன். தினமும் அவர் கேட்பார், தினமும் நான் அதையே சொல்வேன். அன்றைக்கு நான் மனிதரோடு பேசியது சில நாள் அவ்வளவுதான்.

திருவிழா நாள் மட்டும் வேறு. அன்று கம்பியை அந்தக் கோட்டுக்கு இழுத்து வைத்துவிட்டால் போதும். முன்னால் மஞ்சள் சேலை கட்டிய பெண்களின் முதுகு. மேலே இருக்கும் கண்ணாடியில் பின்னால் வரும் அம்மன் முகம். இரண்டுக்கும் நடுவில் நான். வருடத்தில் அந்த ஒரு மாலைக்காகத்தான் மற்ற நாளெல்லாம் கிரீஸ் அடித்தேன்.

அதைத்தான் தனபாலன் வந்து, ரெஸ்ட் எடுங்க என்றார்.

தண்ணீர் ட்ரம்மோடு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். திருவிழா அன்று பிற்பகல் ஆனதும் வேட்டி கட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். கை தானாகச் சாவியை எடுத்தது என்று சொன்னால் நம்புங்கள். கோயிலில் தண்ணீர் ட்ரம்களை ஏற்றினார்கள். யாரோ செருப்பு மூட்டையையும் பின்னால் போட்டார்கள். முன்னால் இருந்த அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் ரதம் கிளம்பியது. உருமி மேளம் இடித்தது. ரதத்தில் ஒரு சத்தமும் இல்லை, யாரும் இழுக்காமல் அது நகர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடம் கண்ணாடியில் அம்மன் முகத்தைப் பார்த்தவனுக்கு, அன்று ரதத்தின் பின்பலகையும் இரண்டு சிவப்பு விளக்கும்தான் தெரிந்தன. பக்கத்து இருக்கையில் ஒரு காகிதக் கோப்பைக் கட்டு.

பழக்கத்தில் இரண்டு பெட்டியையும் போட்டு, கம்பியைக் கோட்டுக்கு இழுத்து வைத்தேன். எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும், மோட்டாருக்கு ஒரு வேகம், எனக்கு ஒரு வேகம் என்று நினைத்துக் கையை அதன் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

கடைத்தெரு முழுக்க ரதத்துக்கும் என் பானட்டுக்கும் நடுவில் இருந்த வெளி அப்படியே இருந்தது. கூடவில்லை, குறையவில்லை. பாலத்து மேட்டில் ஏறும்போதும் அப்படியே. இந்த வெளியை எனக்குத் தெரியும். செம்பனை நிழலில் நான் பார்த்த வெளி.

சீனர் கடை ஒன்றின் முன்னால் ரதம் நின்றது. அவர்கள் வருடா வருடம் ஊதுபத்தி ஏற்றி ஆரஞ்சுப் பழம் வைப்பார்கள். நான் இறங்கி முன்னால் போனேன். ரதத்தின் ஓரத்தில், கையில் ரிமோட்டோடு ஜொகூர் பாருவிலிருந்து வந்த மோட்டார்காரர் நின்றார். முப்பது வயது இருக்கும்.

"தம்பி, இந்த வேகத்த யாரு வச்சது?"

"நாங்கதான் அங்கிள் செட் பண்ணோம். ஏன், லேட்டா போவுதா?"

"லேட்டா போவுதுன்னு சொன்னேனா? எத வச்சு செட் பண்ணீங்க?"

"மொதல்ல வேற ஸ்பீட்ல விட்டுப் பாத்தோம். நாதஸ்வரக்காரர் கோச்சுக்கிட்டார். இது எங்க அம்மன் நடை இல்ல, நான் வாசிக்க மாட்டேன்னுட்டார். அப்புறம் தலைவர் போன வருஷ வீடியோ அனுப்பினார். அத பாத்துப் பாத்து அதே ஸ்பீட் வச்சோம். அதுல ஒரு பழைய ஃபோர் வீல் இழுக்குது பாருங்க, அலமாக், எப்படித்தான் அவ்வளவு ஸ்லோவா ஓட்டினாங்களோ."

"அது யாரு வண்டின்னு தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

நான் பின்னால் கையைக் காட்டினேன். அவர் தண்ணீர் ட்ரம்களைப் பார்த்தார், பிறகு தும்பிக்கைக் குழாயைப் பார்த்தார், பிறகு என்னை. "ஐயோ, இதுவா!" என்று ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வந்து கை கொடுத்தார். அதற்குள் பழத்தட்டு ஏறிவிட்டது, தனபாலன் கை அசைத்தார், ரதம் நகர வேண்டியிருந்தது. நானும் என் இடத்துக்குத் திரும்பினேன்.

மீதி வழியெல்லாம் நான் கம்பியைத் தொடவில்லை. ரதத்துக்கு முன்னால், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பால்குடக்காரப் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். யாருடைய நடையை நடக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பலகை

ரதம் கோயிலுக்குத் திரும்பிய பிறகு அதன் பக்கத்தில் பதித்திருக்கும் பித்தளைப் பலகையைப் படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் ஒன்றையும் விடவில்லை. மோட்டார் யார் கொடுத்தது, பேட்டரி யார், விளக்கு யார், சக்கரம் யார், பட்டுக் குடை யார் என்று எல்லாம் இருக்கிறது. ரதத்துக்குத் திரை தைத்துக் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. நல்ல மனுஷர், இருக்க வேண்டியதுதான்.

தனபாலா, நீ இந்தப் பத்திரிகை வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். மற்ற நிர்வாகிகளும் படியுங்கள். என் வண்டியை மறுபடி ரதத்துக்கு முன்னால் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் அது ஓடுகிற ஓட்டம் ஜொகூர் பாருவில் செய்தது அல்ல. தோட்டத்துப் பாதையில், பொந்தியான் பெட்டியை மாட்டி, தண்ணீர்க் குடத்தைப் பார்த்துப் பார்த்து நான் செய்தது.

பலகையில் கீழே இன்னும் இடம் இருக்கிறது. விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டேன். அங்கே 'வேகம்' என்று ஒரு வரி வெட்டுங்கள். குடத்தைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தவள் சரோஜா. ஆகையால் அவள் பெயர் முன்னால் வரட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. அடுத்து மணியம் என்று என் பெயரைப் போடுங்கள்.

எழுத்து மட்டும் என்னுடையது கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும்.